சுவாதி எங்கே இருக்கிறது?

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, சங்கம் வளர்ந்த வரலாற்றை நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். அதைப் பேச என்னினும் தகுதி உடையோர் இம்மேடையிலேயே வீற்றிருக்கின்றனர். நான் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியன். எனக்குத் தெரிந்ததைப் பேசுவதே முறை. ஆகவே, ஒரே ஒரு விண்மீனைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. சென்ற மாதம் ஓர் இரவு நம் மாணவர் விடுதியில் மின்சாரம் நின்றுபோயிற்று. பிள்ளைகள் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, என் நட்சத்திரம் சுவாதி என்று அம்மா சொல்வார்கள். அது எங்கே இருக்கிறது? எனக்குக் காட்டுங்கள்" என்றான். காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் பிறந்த அன்று நிலா அதன் பக்கத்தில் நின்றதா, ஐயா?" என்று கேட்டான். "இல்லை தம்பி, நிலா அதன் பக்கத்தில் ஒருநாளும் போவதில்லை" என்றேன். படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அன்றிரவு அவனுக்கு அரைகுறையாகச் சொன்ன விடையை இன்று முழுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் அவ்விண்மீனைக் கண்டுகொள்வது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். இந்த ஆனித் தொடக்கத்தில், இரவு ஒன்பது மணி அளவில் வடக்கே முகம் வைத்து நில்லுங்கள். சற்று மேற்காக ஏழு மீன்கள் கைப்பிடி நீண்ட அகப்பை போலத் தோன்றும். அதைச் சப்தரிஷி மண்டலம் என்பர். அகப்பையின் கைப்பிடி நேராக இராது, வில்போல் வளைந்திருக்கும். அந்த வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால், ஏறத்தாழ உங்கள் தலைக்கு மேலே, செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய மீன் எதிர்ப்படும். அதுவே சுவாதி. நம் பழைய நிகண்டுகள் அதனைச் சோதி என்றும் வழங்கும். கிரேக்கர் இட்ட பெயர் ஆர்க்டூரஸ். கரடியின் காவலன் என்பது பொருள். நாம் அகப்பை என்று சொன்ன அந்த மீன் கூட்டத்தை அவர்கள் கரடியாகக் கண்டனர். வளைவை இன்னும் நீட்டித் தெற்கே சென்றால் நீலவெண்மையாக மற்றொரு மீன் நிற்கும். அது சித்திரை. இவ்விரண்டையும் மாறிமாறிப் பாருங்கள். விண்மீன்கள் எல்லாம் வெள்ளையே என்று எண்ணியிருப்போர் அப்போதே அவ்வெண்ணத்தை விட்டுவிடுவர்.

வான்கோளத்தின் வடபாதியில் சுவாதியினும் ஒளி மிக்க மீன் வேறில்லை. வான் முழுவதையும் கணக்கிட்டால் இரவில் தெரியும் மீன்களுள் இது நான்காவது. தொலைநோக்கி வேண்டா, மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றாமல் இருந்தால் போதும்.

சென்னையில் இம்மீன் உச்சிக்குச் சுமார் 6 பாகை வடக்கே கடந்து செல்கிறது. பசிபிக் மாகடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளில் சரியாக உச்சியிலேயே வந்து நிற்கும். அங்குள்ள பழங்குடி மக்கள் இதனை ஹோக்குலேயா என்பர். மகிழ்ச்சி மீன் என்று பொருள். தென் திசையிலிருந்து தோணியில் வருவோர்க்கு இம்மீன் தலைக்கு நேரே ஏறிவிட்டால், தம் தீவின் குறுக்குக்கோட்டை அடைந்துவிட்டோம் என்பது உறுதியாகும். 1976-ஆம் ஆண்டில் அதே பெயரிட்ட இரட்டைத் தோணியொன்று ஹவாயிலிருந்து தாகித்தித் தீவுக்குச் சென்றது. அதனை வழிநடத்தியவர் மாவ் பியாய்லுக் என்னும் மைக்ரோனேசியர். சாத்தவால் என்னும் சிறு தீவில் தம் பாட்டனாரிடம் மீன்களையும் அலைகளையும் படித்தவர். திசைகாட்டியோ வரைபடமோ கையில் வைத்துக்கொள்ளாமல் சென்று சேர்ந்தார். அன்று அவர் கையில் பல்கலைக்கழகச் சான்றிதழ் எதுவும் இல்லை. தோணி மட்டும் போய்ச் சேர்ந்தது.

இனி, அம்மாணவனின் கேள்விக்கு வருகிறேன். சூரியனும் நிலவும் வானத்தில் ஏறத்தாழ ஒரே பாதையில் செல்கின்றன. அப்பாதையை 27 சமபாகங்களாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் அதனருகே தெரிந்த ஒரு மீனின் பெயரை முன்னோர் இட்டனர். ஒவ்வொரு பாகமும் 13 பாகை 20 கலை நீளமுடையது. ஒருவன் சுவாதியில் பிறந்தான் என்றால், அவ்வேளையில் நிலவு சுவாதி என்று பெயரிட்ட பாகத்தில் இருந்தது என்பதே பொருள். மீன் அங்கே இல்லை. சூரியன் செல்லும் பாதைக்குச் சுவாதி மீன் சுமார் 31 பாகை வடக்கே இருக்கிறது. நிலவு அப்பாதையை விட்டு 5 பாகைக்குச் சற்று மேல் விலகாது. இரண்டும் எவ்வளவு நெருங்கினாலும் இடையே ஐம்பது முழுநிலவுகளை வரிசையாக அடுக்கலாம்.

இன்னொன்றும் உண்டு, அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் சிரித்தார்கள். சுவாதி மீனிலிருந்து சூரியப் பாதைக்கு நேராக ஒரு கோடு இறக்கினால், அது சித்திரை மீனுக்கு மிக அருகே, அரைப் பாகைக்கும் குறைந்த வேறுபாட்டில், வந்து விழுகிறது. இன்று அரசு ஏற்றுள்ள கணக்குப்படி அவ்விடம் சித்திரையின் பாகம். சுவாதி மீன் சுவாதிப் பாகத்தில் இல்லை. சித்திரையின் வீட்டில் குடியிருக்கிறது.

நம் வீடுகளில் திருமணப் பேச்சு எழும்போது இந்தப் பாகங்களைக் கொண்டே பொருத்தம் பார்க்கிறார்கள். பொருத்த நூல்களில் வருணப் பொருத்தம் என்று ஒன்று உண்டு. பன்னிரண்டு ராசிகளை நான்கு வருணங்களுக்கும் மும்மூன்றாகப் பங்கிட்டிருக்கிறார்கள். கடகம், விருச்சிகம், மீனம் பிராமண ராசிகள். மேடம், சிங்கம், தனுசு சத்திரிய ராசிகள். இடபம், கன்னி, மகரம் வைசிய ராசிகள். சுவாதி அடங்கிய துலாமும், மிதுனமும், கும்பமும் சூத்திர ராசிகளாம். மும்மூன்று வீதம் நால்வர்க்கும் பங்கிட்டதில் பன்னிரண்டும் தீர்ந்துவிட்டன. வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு ஒரு ராசியும் மிச்சம் இல்லை. மண்ணில் நிலம் ஒதுக்காதவர்கள் விண்ணிலும் ஒதுக்கவில்லை. ஆயினும் நாம்தாம் அந்நூலைக் காசு கொடுத்து வாங்கி, அதைக் காட்டி நம் பெண்பிள்ளைகளின் திருமணத்தைத் தள்ளிப்போடுகிறோம். தாய்மார்கள் என்மீது சினம் கொள்ளலாகாது. என் வீட்டிலும் இது நடந்ததுண்டு.

ஆனால் ஒன்றைப் பொய் என்று காட்டிவிட்டு நின்றுவிட்டால் அது பாதி வேலைதான். சுவாதி என்பது உண்மையில் என்ன? அதைத் தெரிந்துகொண்டது எப்படி? தெரிந்துகொண்டவர்கள் யார்?

சுவாதி நம்மிடமிருந்து 36.7 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. ஒரு நொடியில் ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, அங்கிருந்து இங்கு வர 36 ஆண்டுகளும் எட்டு மாதங்களும் ஆகின்றன. இன்றிரவு உங்கள் கண்ணில் படும் சுவாதியின் ஒளி, இங்குள்ள மாணவர்களில் எவரும் பிறவாமுன்னரே புறப்பட்டது. அதன் எடை நம் சூரியனைவிடச் சிறிதே மிகுதி. குறுக்களவோ சூரியனைப்போல் சுமார் 25 மடங்கு. ஒளியாற்றல் ஏறத்தாழ 170 மடங்கு. சூரியன் இருக்கும் இடத்தில் சுவாதியைக் கொண்டுவந்து வைத்தால், அதன் விளிம்பு ஒரு கோடியே எழுபது லட்சம் கிலோமீட்டர் வரை பரவும்; பகல் வானத்தில் நாம் இன்று காணும் சூரியவட்டத்தைப் போல இருபத்தைந்து மடங்கு அகன்ற வட்டம் எரியும். இத்தகைய மீன்களை வானியலார் பேருருவ மீன்கள் என்பர்.

இவ்வளவு பெரியதாயினும் அதன் மேற்பரப்பு சூரியனைவிடக் குளிர்ந்தது. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியசு. சுவாதியுடையது 4,000 டிகிரி. கொல்லன் உலையை அருகிருந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரும்பு முதலில் மங்கலாகச் சிவக்கும். காற்றூத ஊத செம்மஞ்சளாகும். பிறகு மஞ்சளாகி, வெண்மையாய்ப் பளீரிடும். விண்மீனும் அவ்வாறே. சிவந்தது குளிர்ந்தது, வெளுத்தது கொதித்தது. சுவாதி செம்மஞ்சள் நிலையில் நிற்கிறது. சித்திரை அதனினும் ஐந்து மடங்கு கூடுதலான வெப்பத்தில் நீலவெண்மையாய்க் காய்கிறது.

சுவாதி ஏன் இப்படி வீங்கிற்று? ஒருகாலத்தில் அது நம் சூரியனைப் போன்று இருந்த மீனே. நடுவயிற்றில் ஹைட்ரசன் எரிந்து ஹீலியம் ஆயிற்று. சுமார் 700 கோடி ஆண்டுகள் கழிந்தன. நடுவில் இருந்த ஹைட்ரசன் தீர்ந்தது. உட்பகுதி சுருங்கிச் சூடேறியது. அதைச் சுற்றியுள்ள ஓட்டில் ஹைட்ரசன் முன்னிலும் வேகமாக எரியத் தொடங்கிற்று. அவ்வெப்பத்தைத் தாங்காமல் மேற்பகுதி விரிந்தது; விரிந்ததால் குளிர்ந்தது; குளிர்ந்ததால் நிறம் மாறியது. நம் சூரியனும் இன்னும் 500 கோடி ஆண்டுகளில் இந்நிலையை அடையும். அஞ்ச வேண்டியதில்லை, நம் சங்கத்தின் நிலைவைப்பு நிதி முதிர்ச்சி அடைவதற்குப் பலமுறை வாய்ப்பிருக்கிறது.

மேற்சொன்னவற்றை யாரும் அங்கே சென்று அளந்து வரவில்லை. எல்லாம் அம்மீனின் ஒளியிலிருந்தே தெரிந்தன. விண்மீனின் ஒளியைப் பட்டகத்தின் வழியே செலுத்தினால் வானவில் போல நிறமாலை விரியும். அதன் குறுக்கே ஆங்காங்கே கரிய வரிகள் இருக்கும். அவ்வரிகள் அம்மீனின் புறவளியில் உள்ள தனிமங்கள் எழுதிய கையெழுத்து. அக்கையெழுத்தை வகைபிரித்தவர்கள் யார் என்பதை நம் மாணவியர் கூர்ந்து கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வகத்தின் தலைவர் பிக்கரிங் என்பவர் வீட்டில் ஒரு பணிப்பெண் இருந்தார். பெயர் வில்லியமினா ஃபிளெமிங். ஸ்காத்லாந்தில் பிறந்தவர், கப்பலேறி வந்த இடத்தில், கருவுற்றிருந்த நிலையில், கணவரால் கைவிடப்பட்டவர். 1881-இல் பிக்கரிங் அவரை ஆய்வகப் பணிக்கு எடுத்துக்கொண்டார். பாத்திரம் துலக்கிய கை நிறமாலைப் படங்கள் பதிந்த கண்ணாடித் தகடுகளை எடுத்தது. 1890-இல் வெளிவந்த பட்டியலில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மீன்கள் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை எழுத்திட்டு வகைப்படுத்தியவர் அவரே. அவர்க்குப் பின் வந்த ஆன்னி சம்ப் கேனன் செவித்திறன் மிகக் குன்றியவர். தம் வாழ்நாளில் சுமார் மூன்றரை லட்சம் மீன்களை வகைப்படுத்தினார். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று இன்று உலகெங்கும் மாணவர் ஓதும் வரிசை அவர் 1901-இல் செப்பனிட்டது. சுவாதி அதில் கே வகை. இவ்வளவு வேலைக்கும் அவ்வாய்வகப் பெண்கள் பலர்க்குக் கிடைத்த கூலி மணிக்கு 25 செண்ட்.

வகை பிரித்தாயிற்று. ஆனால், ஏன் இவ்வகைகள்? ஒரு மீனில் ஹைட்ரசன் வரி ஓங்கி நிற்கிறது; மற்றொன்றில் ஹீலியம்; சுவாதி போன்றவற்றில் கால்சியம், இரும்பு முதலிய உலோகங்களின் வரிகள். அப்படியானால் ஒவ்வொரு மீனும் வெவ்வேறு பொருளால் ஆனதோ? பல பேரறிஞர்கள் இவ்வினாவின் முன் திகைத்து நின்றனர். அதற்கு விடை கல்கத்தாவிலிருந்து வந்தது.

மேகநாத சாகா 1893 அக்டோபர் 6-ஆம் நாள் டாக்காவை அடுத்த சியோரதாலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். பிள்ளைகள் எண்மர்; இவர் ஐந்தாமவர். தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்க ஊரில் வசதியில்லை. பல கல் தொலைவிலிருந்த ஊரில் மருத்துவர் ஒருவர் தம் வீட்டில் தங்க இடம் கொடுத்தார். அவ்வீட்டு மாட்டைப் பேணி, தாம் உண்ட கலத்தைத் தாமே கழுவி அவர் படித்தார். 1905-இல் டாக்காவில் அரசுப் பள்ளியில் சேர்ந்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்து, ஆளுநர் வருகையைப் புறக்கணித்த மாணவர்களுள் ஒருவராய் நின்றதற்காகப் பள்ளியையும் உதவித்தொகையையும் இழந்தார். வேறு பள்ளி சென்று தேறினார்.

1911-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்து ஈடன் இந்து விடுதியில் தங்கினார். அங்கேதான் நாம் நன்கறிந்த அந்தக் கதை நடந்தது. மேல்சாதி மாணவர் சிலர் இவரோடு ஒரே பந்தியில் உண்ண மறுத்தனர். சரசுவதி பூசையன்று மலரிட வந்தவரைத் தடுத்தனர். கல்வித் தெய்வம் என்று சொல்லிக்கொண்டே, கல்வியில் தம்மை விஞ்சிய மாணவனை வெளியே நிறுத்தினர்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். சாகாவின் சாதி, அன்றைய வங்கத்தில் தாழ்ந்தது என்று வைக்கப்பட்டிருந்த வாணிகச் சாதி. நம் முன்னோர் பட்டது அதனினும் கொடியது. அவர்கள் பள்ளியின் வாயிற்படியையே மிதிக்கவில்லை. ஆகவே சாகாவை நம்மவர் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவனின் மனம் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மனத்தோடு ஒருவர் என்ன செய்தார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் படித்தார். ஆக்னஸ் கிளார்க் என்னும் அம்மையார் பொதுமக்களுக்காக எழுதிய சூரியன், விண்மீன் பற்றிய நூல்களைப் படித்தார். ஜெர்மன் மொழி கற்று அந்நாட்டு அறிஞர் நூல்களைப் படித்தார். ஆய்வுக் கட்டுரையொன்றை அமெரிக்க வானியல் இதழுக்கு அனுப்பினார். அச்சுச் செலவில் ஒரு பகுதியைத் தரும்படி கேட்டனர். பணம் இல்லை. அதனால் அதன் சுருக்கம் மட்டுமே 1919-இல் வெளியாயிற்று. மறு ஆண்டு, 1920-இல், இருபத்தேழாம் வயது நிரம்புமுன், விண்மீன்களின் வினாவிற்கு விடையான சமன்பாட்டை வெளியிட்டார்.

அதன் உட்கருத்தைக் கணிதமின்றிச் சொல்லுகிறேன். அணுவைச் சுற்றி மின்னணுக்கள் இருக்கின்றன. வெப்பம் ஏறினால் மோதல் வலுத்து, அணு தன் மின்னணுவை இழக்கும். இழந்தால் அதன் கையெழுத்தே மாறிவிடும். பழைய வரிகள் மறைந்து புதிய வரிகள் தோன்றும். பிரிந்த மின்னணு வேறோர் அணுவைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். வளி அடர்ந்திருந்தால் அவ்வாறு ஒட்டிக்கொள்வது எளிது, மெலிந்திருந்தால் அரிது. பொட்டல்காட்டில் வழிதப்பிய ஆட்டுக்குட்டி மறுபடி ஒரு மந்தையைக் காண்பது எளிதா? இழப்பும் சேர்க்கையும் எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், எந்த அளவில் சமனாகும் என்று சாகா கணக்கிட்டுக் காட்டினார். அதனால் இரண்டு தெளிவாயின. சுவாதியில் ஒரு வகை வரியும் சித்திரையில் வேறு வகை வரியும் இருப்பது பெரும்பாலும் வெப்ப வேறுபாட்டால். பொருள் வேறுபாட்டால் அன்று. மேலும், ஒரே வெப்பமுள்ள இரு மீன்களுள் பேருருவ மீனின் புறவளி மெலிந்திருப்பதால் அதன் கையெழுத்து சிறிய மீனின் கையெழுத்திலிருந்து வேறுபடும்.

1925-இல் சிசிலியா பெய்ன் என்னும் இளம்பெண் ஹார்வர்டில் இருந்த தகடுகளின்மேல் சாகாவின் சமன்பாட்டை முழுமையாகப் பொருத்திப் பார்த்தார். இவர் கேம்பிரிட்சில் படித்தவர். பெண் என்பதால் அன்று அங்கே பட்டம் கிடையாது. விண்மீன்கள் ஏறத்தாழ ஒரே பொருட் கலவையால் ஆனவை. அக்கலவையில் ஹைட்ரசனே மிகப் பெரும்பங்கு என்று அவர் கண்டார். மூத்த அறிஞர் ஒருவர் மறுத்ததால், அம்முடிவு மெய்யாக இராது என்று தம் நூலிலேயே எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து மறுத்தவரே அது மெய் என்று ஒப்பினார்.

எல்லா மீன்களும் ஒரே பொருள், வேறுபாடு நிலைமையால் என்றதும் இதை அப்படியே சமுதாயத்துக்கு உவமையாக்கிக் கைதட்டல் வாங்கலாம். நான் அதைச் செய்யப் போவதில்லை. ஒரே பந்தியில் உண்ணும் உரிமைக்கு நமக்கு வானியற் சான்று தேவையில்லை. விண்மீன்கள் வேறு வேறு பொருளால் ஆனவை என்று தெரியவந்திருந்தாலும் அந்த விடுதி மாணவர்கள் செய்தது தவறுதான்.

சாகா பின்னர் 1927-இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். எல்லாம் வேதத்தில் இருக்கிறது என்போரை வங்கமொழியில் கேலி செய்து எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டார். 1952-இல் சுயேச்சையாக நின்று கல்கத்தாவிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். அவ்வாண்டே பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவின் தலைவரானார். நாட்டில் அப்போது சுமார் முப்பது வகைப் பஞ்சாங்கங்கள் வழங்கின. அவற்றை ஆராய்ந்து 1955-இல் குழு அறிக்கை தந்தது. அதன்படி 1957 மார்ச் 22 முதல் அரசின் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதைக் காண அவர் இல்லை. 1956 பிப்ரவரி 16 அன்று டில்லியில் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று, அதே டில்லியில், நாம் அண்ணல் அம்பேத்கரை இழந்தோம்.

இக்கதையில் நம் நாட்டு மலையொன்றுக்கும் இடம் உண்டு. 1913-இல் ஜெர்மனியில் எபர்கார்டு, சுவார்சுசைல்டு என்னும் இருவர் சுவாதியின் நிறமாலையில் ஒரு புதுமை கண்டனர். மின்னணு ஒன்றை இழந்த கால்சியம் எழுதும் அகன்ற கரிய வரியின் நடுவே ஓர் ஒளிக்கீற்று தெரிந்தது. இவ்வரிக்கும் கே என்றே பெயர். கே வகை மீனோடு குழப்பிக்கொள்ளலாகாது. பெயர் வைத்தவர்கள் நம் தேர்வுகளை நினைத்துப் பார்க்கவில்லை. சென்னையில் பிறந்த வைணு பாப்புவும், அமெரிக்கரான ஆலின் வில்சனும் 1957-இல் ஒரு விதி கண்டனர். அந்த ஒளிக்கீற்று எவ்வளவு அகன்றதோ அவ்வளவு அம்மீன் உண்மையில் ஒளி மிக்கது. ஆகவே கீற்றின் அகலத்தை அளந்தால் மீனின் உண்மையான ஒளி தெரியும்; அதை நம் கண்ணுக்குத் தோன்றும் ஒளியோடு ஒப்பிட்டால் தொலைவும் தெரியும். செம்மஞ்சள் மீன் ஒன்றைக் கண்டால் அது அருகிலுள்ள சிறு மீனா, தொலைவிலுள்ள பேருருவ மீனா என்று சொல்ல ஒரு வழி பிறந்தது. அந்தப் பாப்புவே சவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்து வானாய்வகம் அமைத்தார். 1982-இல் அவர் மறைந்தார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் அங்கே நிறுவப்பட்டு அவர் பெயரைத் தாங்கியது. ஆலங்காயம் வழியே பேருந்தில் போய்விடக்கூடிய இடம். நம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்ல விழாக்குழு ஆவன செய்ய வேண்டும் என்று இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

சாகா பிறந்த 1893-ஆம் ஆண்டுக்குச் சுவாதியோடு விந்தையான தொடர்பு ஒன்று உண்டு. அவ்வாண்டு சிகாகோவில் உலகப் பொருட்காட்சி நடந்தது. விவேகானந்தர் பேசிய சமயப் பேரவை அதை ஒட்டியதே. அது நமக்குப் பாடநூலில் வரும். அதே பொருட்காட்சியில் கருப்பின மக்களுக்கு உரிய இடம் தரவில்லை என்று ஐடா வெல்சும் பிரடெரிக் டக்ளசும் மற்றவர்களும் துண்டுநூல் அச்சிட்டு அங்கே வழங்கினார்கள். அது பாடநூலில் வராது. நாற்பது ஆண்டு கழித்து, 1933-இல், அந்நகரில் மீண்டும் பொருட்காட்சி. சுவாதி 40 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளதாக அன்று கருதினர். முதற் பொருட்காட்சியின்போது சுவாதியிலிருந்து புறப்பட்ட ஒளி இப்போது வந்து சேர்கிறது என்று சொல்லி, தொலைநோக்கிகள் வழியே அவ்வொளியை ஒளிமின்கலத்தில் விழச்செய்து, அதில் பிறந்த நுண்ணிய மின்னோட்டத்தைப் பெருக்கி, கம்பி வழியே அனுப்பி, பொருட்காட்சி விளக்குகளை ஏற்றினர். தொலைவு 36.7 ஒளியாண்டுதான் என்று பிற்கால அளவீடு காட்டிற்று. அன்று விளக்கேற்றிய ஒளி உண்மையில் 1896-இல் கிளம்பியது; மூன்று ஆண்டு பிந்திய விருந்தாளி. அதனால் வானியலார் வெட்கப்படவில்லை. புதிய எண்ணை எழுதிக்கொண்டார்கள்.

மற்றொரு பழைய நம்பிக்கையும் சுவாதியால் உடைந்தது. மீன்கள் தத்தம் இடத்தில் பதித்தவை, அவற்றின் நிலை மாறாது என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நம்பினர். 1718-இல் எட்மண்டு ஹேலி பண்டைக் கிரேக்கப் பட்டியலைத் தம் கால அளவீட்டோடு ஒப்பிட்டார். சுவாதியும் வேறு சில மீன்களும் இடம் பெயர்ந்திருந்தன. நம் சூரியனோடு ஒப்பிட்டால் சுவாதி நொடிக்குச் சுமார் 122 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஏறத்தாழ 800 ஆண்டுகளில் முழுநிலவின் அகல அளவு நகர்ந்துவிடுகிறது. நிலைத்தது, அசையாது என்று எழுதிவைத்தவர்கள் பொறுமையாகப் பார்க்கவில்லை.

இன்றிரவு நாம் காணும் ஒளி, நம் சங்கம் தொடங்குவதற்கு ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே சுவாதியை விட்டது. சங்கத்தின் முதற்கூட்டம் கூடிய அன்று அங்கிருந்து புறப்பட்ட ஒளி இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கிறது. அது இங்கு வந்து சேர இன்னும் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அப்போது பட்டம் பெற்றிருப்பார்கள். அவ்வாண்டு ஆனியில் மாடியேற நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு, உணவு முடிந்ததும் விடுதி மாடிக்கு வாருங்கள். சுவாதி எங்கே இருக்கிறது என்று கேட்ட மாணவன் இப்போது மற்றவர்களுக்குக் காட்டுவான். தாய்மார்களும் வர வேண்டும். தென்மேற்கு மேகம் மறைத்திருந்தால் நாளை பார்ப்போம். நாளையும் மறைத்தால் மறுநாள். ஆவணி வரையில் மாலையில் தெரியும். மாடிப்படியில் மூன்றாவது படி பெயர்ந்திருக்கிறது, பார்த்து ஏறுங்கள்.